விடியும்வரை நனையாமல்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய் ஒழுங்கைகளில் காலை ஏழு மணிக்கே வேலியில் ஒரு பாய் காய்ந்தால் அதற்கு விளக்கம் தேவையில்லை. இரவு மழை பெய்யவில்லை, வீட்டில் விருந்தும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். அந்த வீட்டுப் பெடியன் அன்றைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் படலையைத் திறப்பான். இப்போது ஓலைப்பாய் குறைந்து மெத்தை வந்துவிட்டது. மெத்தையை வேலியில் போட முடியாது. முற்றத்தில் இரண்டு கதிரையில் சாய்த்து வைக்கிறார்கள். செய்தி மட்டும் மாறவில்லை.

"ஏழு வயசாகுது, இன்னும் படுக்கையில சலம் போறான்" என்று தாய் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். "எழும்பப் பஞ்சியில கிடக்கிறான், ரெண்டு அடி போட்டால் சரிவரும்" என்பது பெரியப்பாவின் வைத்தியம். "பொழுதுபட்டாப் பிறகு தண்ணி குடுக்காத பிள்ளை" என்பது அம்மம்மாவின் வைத்தியம். அப்பம்மா மட்டும் வாய் திறக்கமாட்டா. தன்ரை மகனைப் பற்றி, அதாவது இந்தப் பெடியனின் தகப்பனைப் பற்றி, அவவுக்கு ஒரு பழைய கதை தெரியும்.

பிள்ளை ஏன் நனைக்கிறான் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். உடம்பின் கணக்கைப் பார்த்தால் கேள்வியைத் திருப்பிப் போடத் தோன்றுகிறது: எட்டு மணி நேரம் நினைவில்லாமல் கிடக்கிற மற்ற எல்லாரும் எப்படி நனையாமல் எழும்புகிறார்கள்?

வளர்ந்த ஒருவரின் சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் சலமாக வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவுதான். மிச்சம் முழுவதும் நுண்குழாய்களின் சுவர் வழியாக இரத்தத்துக்கே திரும்புகிறது. கடைசியில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பது சிறுநீரகம் அல்ல, மூளை. மூளையின் அடியில் உள்ள ஐப்போதலமஸ் ஒன்பது அமினோ அமிலங்கள் மட்டுமே கோத்த ஒரு சின்ன ஓமோனைச் செய்கிறது. பெயர் வசோபிரசின். அது கபச்சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடையும்போது, சேகரிப்புக் குழாய்களின் கலங்களுக்குள் பதுக்கி வைக்கப்பட்டிருந்த நுண்ணிய நீர்க்கால்கள் சுவருக்கு நகர்ந்து வந்து பதிகின்றன. தோட்டத்தில் மடை மாறிக் கட்டினால் வாய்க்கால் தண்ணீர் வேறு பாத்திக்குத் திரும்புமே, அப்படி, சலமாகப் போக இருந்த நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. இந்த நீர்க்கால்களுக்கு அக்குவாபோரின் என்று பெயர். ஒரேயொரு நீர்க்கால் வழியாக நொடிக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகக்கூடும். இவற்றைக் கண்டுபிடித்த பீற்றர் ஏகர் 2003ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இரவில் வசோபிரசின் கூடுகிறது. அதனால் சலம் ஊறும் வேகம் பகலில் இருப்பதன் பாதி அளவுக்குக் குறைகிறது. பிறந்த குழந்தைக்கு இந்த இரவு பகல் பேதம் கிடையாது. அது மணிக்கொரு தடவை துணி நனைக்கும். பேதம் படிப்படியாக வருவது. சிலருக்கு மூன்று வயதில் வந்துவிடும், சிலருக்குப் பத்து வயதிலும் வராது.

சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊர் மானிப்பாய். அங்கே 1848 முதல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் எங்கள் பெடியன்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்தார். பிறகு அதைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, உடற்றொழில், இரண வைத்தியம் என்று நூல்களைத் தமிழாக்கினார். கிறீனிடம் படித்த மாணவனுக்குச் சிறுநீரகம் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று தமிழில் சொல்லத் தெரிந்திருக்கும். படுக்கையை நனைக்கிற பிள்ளைக்கு ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தால் அவனிடம் மட்டுமல்ல, அன்று உலகத்தில் எவரிடமும் பதில் இல்லை. 1873இல் கிறீன் ஊருக்குத் திரும்பி நூறு ஆண்டுக்கு மேல் போன பிறகுதான், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நோர்கோர்ட், ரிற்றிக், யூர்ஹூஸ் என்ற மூன்று வைத்தியர்கள் இந்தப் பிள்ளைகளை இரவு முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். வசோபிரசினை அளந்தார்கள், சலத்தையும் அளந்தார்கள். பலருக்கு இரவில் ஓமோன் கூடவேயில்லை. சிறுநீரகம் பகலென்று நினைத்தே வேலை செய்துகொண்டிருந்தது. சலப்பை கொள்ளக்கூடியதை விடக் கூடுதலாக நடுச்சாமத்துக்கு முன்னமே ஊறிவிட்டது. 1980களில் நடந்த இந்த வேலைதான் விஷயத்தைப் பிள்ளையின் குணத்திலிருந்து எடுத்து உடம்பின் கடிகாரத்தில் வைத்தது.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இதுவே காரணமில்லை. சிலருக்குச் சிக்கல் சலப்பையில்.

பிள்ளையின் சலப்பை எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க வைத்தியர்களிடம் ஒரு சுருக்கமான கணக்கு உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லிலீற்றர் வரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 240. சில பிள்ளைகளின் சலப்பை இரவில் பாதி நிரம்பும் முன்னமே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. ஏன் சுருங்குகிறது என்பதற்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு பதில் மொன்றியலில் கிடைத்தது. ஷோன் ஓறீகன் என்ற சிறுநீரக வைத்தியருக்குத் தன் மகனே படுக்கையை நனைப்பது தலைவலியாக இருந்தது. தேடிப் பார்த்ததில் காரணம் மலச்சிக்கல். சலப்பைக்கு நேர் பின்னால் மலக்குடல். அது இறுகி நிறைந்திருந்தால் முன்னால் இருக்கிற சலப்பையை அமுக்குகிறது, அதன் நரம்புகளையும் சீண்டுகிறது. மலச்சிக்கலை மாற்றியபோது பல பிள்ளைகளுக்குப் படுக்கை நனைவதும் நின்றுவிட்டது என்று 1980களில் அவர் எழுதினார். இலங்கையில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் சமன் ராஜிந்திரஜித்தும் நிரங்கா தேவநாராயணவும் 10 முதல் 16 வயதுவரையான பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ 15 வீதமானோருக்கு மலச்சிக்கல் இருந்தது. பாடசாலைக் கக்கூசுக்குப் போகக் கூச்சப்பட்டு மத்தியானம்வரை அடக்கி, வீட்டுக்கு ஓடிவருகிற பிள்ளை எந்த ஊரில் இல்லை? "பிள்ளை ஒழுங்காய் வெளிக்குப் போறதோ?" என்று வைத்தியர் கேட்டால் சம்பந்தமில்லாததைக் கேட்கிறார் என்று நினைக்கக்கூடாது.

மூன்றாவது சிக்கல் நித்திரை. பெரியப்பா சொன்ன பஞ்சிக்கு மறுமொழியும் இங்கேதான் இருக்கிறது.

சலப்பை நிரம்பும்போது அதன் சுவரிலிருந்து செய்தி முள்ளந்தண்டு வழியாக மூளைத்தண்டுக்கு ஏறுகிறது. அங்கேயுள்ள ஒரு சின்னக் கலக்கூட்டம் "இப்போது விடு" என்ற கட்டளையைக் கொடுக்கிறது. 1925இல் லண்டனில் பூனைகளில் அதைக் கண்டுபிடித்தவர் பாரிங்ரன். இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். வளர்ந்தவருக்கு மூளையின் முன்பகுதி அந்தக் கட்டளையைத் தடுத்து வைத்திருக்கும். தடுக்க முடியாத அளவு நிரம்பினால் ஆளை எழுப்பும். நனைக்கிற பிள்ளைக்கு அந்த எழுப்புதல் நடப்பதில்லை. 1997இல் வெளியான ஒட்டாவா ஆய்வொன்றில் இரவில் பிள்ளைகளின் காதுக்குள் வரவரக் கூடும் ஒலியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நனைக்காத பெடியன்கள் 40 வீதமான தடவைகளில் எழும்பினார்கள். நனைக்கிறவர்கள் 9 வீதம் மட்டுமே.

அப்படியென்றால் இவர்கள் நல்ல ஆழ்ந்த நித்திரைக்காரர் என்றுதான் நினைப்போம். தாய்மாரும் அப்படித்தான் சொல்வார்கள்: இடி விழுந்தாலும் எழும்பமாட்டான். 2008இல் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தின் யெங் குழுவினர் இந்தப் பிள்ளைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. நித்திரை ஆழமாகவே இல்லை. சலப்பை இரவு முழுவதும் மூளையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. மூளை ஒவ்வொரு தட்டுக்கும் இலேசாக அசைகிறது. ஆனால் முழுதாக விழிக்க முடியவில்லை. காலையில் எழும்புகிற பிள்ளை நனைந்து மட்டும் இல்லை, களைத்தும் இருக்கிறது. பகலில் வகுப்பில் தூங்கி விழுவதற்கும் எரிச்சல்படுவதற்கும் ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

குறட்டையும் இந்தக் கணக்கில் வரும். தொண்டைச் சதை வீங்கியிருக்கிற பிள்ளை மூச்சை இழுத்து இழுத்துத் தூங்கும்போது நெஞ்சுக்குள் அமுக்கம் குறைகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாக விளங்கிக்கொண்டு, நீரை வெளியேற்றச் சொல்லும் வேறொரு ஓமோனைச் சுரக்கிறது. மூக்கடைப்பு படுக்கையை நனைப்பது இந்தச் சுற்றுவழியால்தான். சதையை எடுத்த பிறகு பாய் காய்ந்துபோன பிள்ளைகள் பலர்.

இனி அப்பம்மாவின் மௌனத்துக்கு வருவோம். தாய் தகப்பன் இருவருமே சிறுவயதில் நனைக்காதவர்களாக இருந்தால் பிள்ளை நனைக்க வாய்ப்பு 15 வீதம் அளவு. ஒருவர் நனைத்தவராக இருந்தால் 44 வீதம். இருவரும் என்றால் 77 வீதம். 1995இல் டென்மார்க் குடும்பங்களை ஆராய்ந்து இதற்கும் 13ஆம் நிறமூர்த்தத்துக்கும் தொடர்பிருக்கிறது என்று காட்டினார்கள். 2021இல் அதே நாட்டில் ஏறத்தாழ நாலாயிரம் பேரின் மரபணுக்களை அலசியபோது 13ஆம் நிறமூர்த்தம் மறுபடி வந்தது, 6ஆவதும் சேர்ந்துகொண்டது. கொழும்பில் கழுத்துப்பட்டியோடு கந்தோருக்குப் போகிற தகப்பன், ஏழு வயதில் தானும் சாறத்தைப் பிழிந்து கொடியில் போட்டவர்தான் என்பதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், பிள்ளைக்கு முதல் மருந்தாக அதைத்தான் சொல்ல வேண்டும். அடிக்கக் கை ஓங்குகிற தகப்பனுக்கும் அதே மருந்து.

எண்ணிக்கையும் ஆறுதலானது. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் அளவில் நனைக்கிறார்கள். ஏழு வயதில் ஏழு முதல் பத்து. வைத்தியமே செய்யாவிட்டாலும் நனைக்கிறவர்களில் ஆண்டுக்கு 15 வீதம் பேர் தாமாக நின்றுவிடுவார்கள். 35 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு இந்தக் கதை உண்டு. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரே வாங்கில் இருப்பார்கள். நனைக்கிறவர்களில் ஆண்பிள்ளைகள்தான் கூடுதல். வளர்ந்தவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் அளவில் மிஞ்சுகிறார்கள். அவர்கள் வெளியூர்க் கலியாணத்துக்குப் போய் இரவு தங்கமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள்.

மனிதர் இதை எவ்வளவு காலமாக வைத்தியம் பார்க்கிறார்கள் என்பதும் ஒரு வேடிக்கைதான். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்ஸ் சுருளிலேயே சலம் அடக்காத பிள்ளைக்கு மருந்து இருக்கிறது. சாரங்கதர சங்கிதை என்ற ஆயுர்வேத நூல் பாலரோகங்களின் பட்டியலில் இதையும் வைக்கிறது. யாழ்ப்பாண அரசர் கால மரபில் வந்த பரராசசேகரம் என்ற வைத்திய நூலிலும் பிள்ளைப் பிணிகளுக்குத் தனிப் பகுதி உண்டு. 1545இல் பிள்ளை வைத்தியம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய தோமஸ் பேயர் படுக்கை நனைப்பதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, முள்ளெலியின் விதையைப் பொடி செய்து கொடுக்கச் சொன்னார். இதில் ஒவ்வொன்றும் யாராவது ஒருவருக்கு வேலை செய்திருக்கும். ஆண்டுக்கு 15 வீதம் தானாகக் குணமாகிற ஒரு விஷயத்துக்கு எந்த மருந்தும் கைகண்ட மருந்துதான்.

மருந்தை விடத் தண்டனைகள்தான் கவனிக்கத்தக்கவை. கொரியாவில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. இரவு நனைத்த பிள்ளையின் தலையில் சுளகைக் கவிழ்த்து, அடுத்த வீட்டுக்குப் போய் உப்பு வாங்கி வரும்படி அனுப்புவார்கள். சுளகோடு வாசலில் நிற்கிற பிள்ளையைக் கண்டதும் அந்த வீட்டுக்காரிக்கு விஷயம் விளங்கிவிடும். நாலு பேச்சுப் பேசி, சுளகில் ஒரு தட்டுத் தட்டி, உப்பைக் கொடுத்து அனுப்புவா. எங்கள் ஊரில் வேலிப் பாய் செய்த வேலையை அங்கே சுளகு செய்தது. நெருப்போடு விளையாடினால் இரவில் படுக்கை நனையும் என்று கொரியாவிலும் ஜப்பானிலும் பிள்ளைகளை வெருட்டுவார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலும் அதே வெருட்டு உண்டு. கடல்கள் பிரித்த ஊர்களுக்கு எப்படி ஒரே பேச்சு வந்தது? பிள்ளை எதற்கு அதிகம் வெட்கப்படும் என்பது எந்த ஊர்த் தாய்க்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இந்தியாவின் மோத்திஹாரியில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் எட்டு வயதில் இங்கிலாந்தின் விடுதிப் பள்ளியில் சேர்ந்ததும் படுக்கையை நனைக்கத் தொடங்கி, அதற்காக அடி வாங்கினார். தன்னால் தடுக்க முடியாத ஒன்று பாவமாகவும் இருக்கலாம் என்று அன்றுதான் விளங்கியது என, இறந்த பிறகு வெளிவந்த கட்டுரையில் எழுதியிருக்கிறார். அமெரிக்க நடிகர் மைக்கேல் லாண்டனின் தாய், மகனின் நனைந்த விரிப்பை யன்னலுக்கு வெளியே தொங்கவிடுவாராம். சிநேகிதர்கள் காணமுன் அதை எடுக்க வேண்டுமென்று பெடியன் தினமும் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடினான். அந்த ஓட்டத்தையே 1976இல் அவர் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார்.

வெட்கத்தை நம்பாமல் வேலை செய்த முதல் வழி தற்செயலாகக் கிடைத்தது. 1904இல் ஒஸ்திரியக் குழந்தை வைத்தியர் பவுண்ட்லர் தன் வார்ட்டில் ஒரு மின்மணி அமைத்தார். விரிப்பு ஈரமானவுடன் மணி அடிக்கும். தாதி வந்து துணி மாற்றுவா. தாதியை அழைக்கிற வேலைக்காகவே செய்தது. சில வாரம் போக மணி அடிப்பது குறைந்தது. பிள்ளைகள் நனைப்பதையே விட்டுவிட்டார்கள். 1938இல் யேல் பல்கலைக்கழகத்தில் மௌரர் தம்பதியினர் இதை ஒழுங்கான வைத்தியமாக்கினார்கள். இன்று அது உள்ளாடையில் குத்துகிற ஒரு சின்ன எலார்ம். முதல் இரண்டு வாரம் எலார்ம் அடித்தால் வீட்டில் எல்லாரும் எழும்புவார்கள், பிள்ளையைத் தவிர. தாயோ தகப்பனோதான் பிள்ளையை எழுப்பி, விளக்கைப் போட்டு, கக்கூசுவரை நடத்திக்கொண்டு போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குச் சரிவருகிறது. பத்து மணிக்கு நித்திரைத் தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் நிறுத்துகிற எங்கள் வழக்கம் இதற்கு ஈடாகாது. அன்று பாய் தப்பும். பிள்ளையின் மூளை ஒன்றும் படிக்காது.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி ஒருபோதும் காயாத பிள்ளைகளின் கதை. ஆறு மாதத்துக்கு மேல் நனையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தொடங்குகிற பிள்ளைகள் வேறு. 1939 செப்டெம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பிரித்தானிய நகரங்களிலிருந்து ஒரு சில நாளில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, நாட்டுப்புறத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். சில வாரத்தில் மருத்துவச் சஞ்சிகைகளில் எழுந்த பெரிய பேச்சு நனைந்த மெத்தைகள் பற்றியது. வீட்டைப் பிரிந்த பயத்தில் தொடங்கியவர்களும் இருந்தார்கள், முன்பே நனைத்தவர்களும் இருந்தார்கள். இரண்டாவது வகையினர் தங்கள் வீட்டில் ஒளித்ததை அந்நியர் வீட்டில் ஒளிக்க முடியவில்லை.

வலிகாமத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டிலிப்பாய் உட்பட வலிகாமம் முழுவதும் போருக்கு அஞ்சி எழும்பி, செம்மணி தாண்டி, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. சொந்தக்காரர் வீட்டு விறாந்தையிலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் பல குடும்பங்கள் பாயோடு பாய் ஒட்டிப் படுத்தன. மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு ஒன்றுதான் வெளிச்சம், அதையும் எண்ணெய் மிச்சம் பிடிக்க நூர்த்துவிடுவார்கள். அந்த இருட்டில் ஊரறியாத வளவின் கோடிக்குத் தனியாகப் போக எந்தப் பிள்ளை துணியும்? போர்க்காலத்தில் பிள்ளைகள் மறுபடி நனைக்கத் தொடங்குவது உலகெங்கும் கண்டது. யாழ்ப்பாணத்தில் போரின் உளத்தாக்கத்தை உள்ளிருந்தே கவனித்து 1998இல் நூலாக எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இங்கே காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் பட்டது என்று தொடர்ந்து சொல்லிவந்தார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எலார்ம் மட்டும் போதாது. பயம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

திடீரென்று தொடங்கியதோடு தாகமும் கூடி, உடம்பும் மெலிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு வருகிற சலரோகம் அப்படித்தான் தொடங்கும். சலம் எரிந்தாலும், பகலிலும் கசிந்தாலும் காட்டுவது நல்லது. மற்றவர்களுக்கு அவசரமில்லை. அம்மம்மா சொன்ன தண்ணீர் விஷயத்தில் பாதி சரி: படுக்கமுன் தேத்தண்ணியைக் குறைக்கலாம், ஆனால் பகலில் தாராளமாகக் குடிக்க விட வேண்டும். பகலெல்லாம் குடியாமல் இருந்து பள்ளி விட்டு வந்ததும் ஒரு செம்பு தண்ணீரைக் கவிழ்க்கிற பிள்ளைக்கு இரவில்தான் அது இறங்கும்.

மாத்திரையும் உண்டு. 1960களில் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் சவோரல் என்ற வேதியியலாளரும் கூட்டாளிகளும் வசோபிரசினைக் கொஞ்சம் மாற்றி டெஸ்மோபிரசின் செய்தார்கள். படுக்கமுன் எடுத்தால் அந்த இரவு சிறுநீரகத்துக்கு இரவாகிறது. நிறுத்தினால் பலருக்குத் திரும்பவும் நனையும். பள்ளிச் சுற்றுலாவுக்கும் சொந்தக்காரர் வீட்டில் தங்கும் நாளுக்கும் அது பெரிய உதவி. எடுத்த இரவில் அதிகம் தண்ணீர் குடிக்கக்கூடாது. வெளியேற வழியில்லாத நீர் இரத்தத்தின் உப்பைக் கரைத்து வலிப்புவரை கொண்டுபோகலாம், ஆகவே வைத்தியர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்கிற மருந்தில்லை.

நனைக்கிற பெடியனின் அதே வீட்டில் எழுபது வயது அப்பு இரவில் மூன்று தடவை எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார். புரஸ்டேற் என்று எல்லாரும் அதன் தலையில் போடுகிறார்கள். பல முதியவரில் அதுவும் காரணம்தான். ஆனால் வயதோடு இரவில் வசோபிரசின் கூடுகிற அந்தத் தாளமும் தளர்கிறது. பேரனுக்கு இன்னும் அமையாத கடிகாரம் அப்புவுக்கு ஓயத் தொடங்குகிறது. டெஸ்மோபிரசினை முதியவருக்கும் சில நாடுகளில் மிகக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள், இரத்தத்தின் சோடியத்தை அடிக்கடி அளந்து பார்த்தபடி. அந்த வயதில் உப்பு இறங்கும் ஆபத்துப் பிள்ளைகளை விடப் பல மடங்கு அதிகம்.